நின்ற வண்டிதான் கெடும்

காலை ஆறேகால் மணி. செம்பரம்பாக்கத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய டீக்கடை. இருங்காட்டுக்கோட்டைப் பக்கமிருந்து புதுக் கார்களை இரண்டடுக்காக ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் போய்க்கொண்டிருந்தன. என் காரை வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு ஒரு டீ சொன்னேன். கம்பெனிச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர், ஷிப்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தவர், காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“எந்த நாட்டு வண்டிண்ணே?”

“நம்ம ஊருதான் தம்பி. வண்டலூர் பக்கம், பெருங்களத்தூர்ல செஞ்சது.”

அவர் நம்பவில்லை. இந்த வட்டாரத்தில் கார் என்றால் ஹூண்டாயில் தொடங்கியது என்றுதான் இப்போது பலரும் நினைக்கிறார்கள். ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தது 1998-ல். ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் என்ற கம்பெனி 1961-லேயே ஹெரால்டு காரைச் சென்னையில் தயாரித்து விற்றது. 1971 வரை ஹெரால்டு, அதன் பிறகு கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000. எண்பதுகள் முடிவதற்குள் கம்பெனி படுத்துவிட்டது. அது இருந்த இடத்தில் இன்று ஐ.டி. வளாகம். என் வண்டி நாலு கதவு ஹெரால்டு. இங்கிலாந்தில் பிறந்த மாடல்தான் என்றாலும் அங்கே அதற்கு இரண்டே கதவுகள். நாலு கதவு வைத்தது இந்தியாவில் மட்டும்.

“கொரோனா சமயத்துல இத என்னண்ணே பண்ணீங்க? எங்க லைனே நின்னுபோச்சு.”

நல்ல கேள்வி. பஸ் வர அரை மணி இருந்தது. நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, இரவு பகல் பார்க்காத அத்தனை தொழிற்சாலைகளும் அடங்கின. அந்த ஏப்ரல் மாதம் மாருதி கம்பெனி உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மறுபடி உற்பத்தியைத் தொடங்கியது மே 8-ல். தொழிற்சாலை நின்றால் இயந்திரத்துக்கு உறை போட்டு வைக்கலாம். வீட்டு ஷெட்டில் நிற்கும் பழைய காருக்கு அந்த வசதி கிடையாது. வண்டி ஓடினால் தேயும் என்று எல்லாருக்கும் தெரியும். நின்றால்தான் கெடும் என்பது பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

எப்படிக் கெடும்? ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

முதலில் போவது பேட்டரி. சும்மா இருந்தாலே அதன் சார்ஜ் மெல்ல இறங்கும். முழுக்க இறங்கி அப்படியே கிடந்தால் உள்ளே தகடுகளில் வெள்ளையாகப் பூத்துவிடும். அதன் பிறகு எத்தனை முறை சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது.

அடுத்தது பெட்ரோல். பெட்ரோல் கெடுமா என்று கேட்காதவர் இல்லை. கெடும். லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் கார்புரேட்டருக்குள் பிசினாகப் படியும். ஊசித்துளை போன்ற ஜெட் அடைத்துக்கொள்ளும். இப்போதைய பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். டேங்க் துருப்பிடிப்பது அங்கிருந்துதான். அறுபதுகளில் செய்த ரப்பர் குழாய்கள் எத்தனாலை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. ஊறி, தளர்ந்து, கசியும்.

மூன்றாவது பிரேக். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். வீல் சிலிண்டருக்குள் சின்ன பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிடும். கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டால் கியர் விழாது. டயர் ஒரே இடத்தில் நின்று தட்டையாகும். இத்தனைக்கும் மேல் எலி. ஊரடங்கில் ஆள் நடமாட்டம் குறைந்ததும் எங்கள் தெரு எலிகள் பானட்டுக்குள் குடியேறி வயரைக் கடித்தன.

“அதான் தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடணும்னு சொல்றாங்களாண்ணே?”

அதுதான் பெரிய தப்பு என்றேன். எரியும் பெட்ரோலிலிருந்து தண்ணீர் ஆவி உண்டாகும். இன்ஜின் நன்றாகச் சூடேறினால்தான் அது வெளியே போகும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் அந்தத் தண்ணீர் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்யச் செலவான கரண்டைக்கூட அந்த ஐந்து நிமிடம் பேட்டரிக்குத் திருப்பித் தராது. வாய்ப்பிருந்தால் அரை மணி ஓட்ட வேண்டும். இல்லையென்றால் முறையாகத் தூங்க வைக்க வேண்டும்: பேட்டரி ஒயரைக் கழற்று, பெட்ரோலை வடித்துவிடு, ஜாக்கி போட்டு ஏற்றிச் சக்கரத்தின் பாரத்தை எடு, ஹேண்ட்பிரேக்கை விட்டுவை.

இந்த இடத்தில்தான் கிளப் என்ற விஷயம் வருகிறது. கார் கிளப் என்றதும் ஞாயிற்றுக்கிழமை பளபளக்கும் வண்டிகளோடு போட்டோ எடுத்துக்கொள்ளும் பணக்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் நடத்தும் கண்காட்சியும் அணிவகுப்பும் ஊருக்குத் தெரிந்த முகம். அந்த முகம் கொரோனாவில் உலகம் முழுக்க மறைந்தது. அமெரிக்காவின் பெபிள் பீச் கார் விழா 2020-ல் நடக்கவில்லை. 1905-க்கு முந்தைய வண்டிகள் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு ஓடும் புகழ்பெற்ற ஓட்டமும் அந்த நவம்பரில் இல்லை. ஊர்வலம் போன பிறகு கிளப்பில் மிஞ்சியது எதுவோ, அதுதான் கிளப்பின் உயிர் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எங்கள் வட்டம் சின்னது. எட்டுப் பேர், ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் ஒருவர் எழுபது தாண்டிய மெக்கானிக். பட்டறையை மூடிவிட்டு வீட்டில் இருந்தார். எட்டுப் பேரில் ஒரு நண்பருடைய ஹெரால்டு பல வருஷமாக ஷெட்டில் கிடந்தது. இன்ஜின் சீஸ் ஆகி, அசையவே அசையாது. நேரம் இல்லை, நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் கையில் திடீரென்று நேரம் மட்டும்தான் இருந்தது. வீடியோ கால் போட்டார். மறுமுனையில் எங்கள் பெரியவர்.

“பிளக்கு நாலையும் கழட்டுங்க. அவசரப்படாதீங்க” என்றார் பெரியவர். நாலு ஓட்டையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து இரண்டு இரண்டு கரண்டி ஊற்றச் சொன்னார். நின்றுபோன இன்ஜினில் ஏதாவது ஒரு வால்வு திறந்தேதான் இருக்கும். அதன் வழியே ஈரக்காற்று போய், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவால் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் அந்த இடுக்கில் இறங்க நாள் ஆகும். ஒரு வாரம் தினமும் அதே மாதிரி ஊற்றினார் நண்பர். எட்டாம் நாள் டாப் கியரில் போட்டு, பம்பரைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கச் சொன்னார் பெரியவர். “தள்ளாதீங்க, தொட்டில் ஆட்டுற மாதிரி ஆட்டுங்க.” இருபது முறை, முப்பது முறை. ‘டிக்’ என்று ஒரு சத்தம். போனில் அதைக் கேட்டு முதலில் சிரித்தவர் பெரியவர்தான். நண்பருக்கு வண்டி அசைந்ததே தெரியவில்லை.

அந்தக் காது எந்த மேனுவலிலும் இல்லை. கம்பெனி மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாகம் தர ஆள் இல்லை, வாரன்டி இல்லை, சர்வீஸ் சென்டர் இல்லை. வண்டியை ஓட வைப்பது இப்படி ஆளிடமிருந்து ஆளுக்குப் போகும் கைப்பக்குவம். அதுவும் வண்டி மாதிரியேதான், யாரும் கேட்காமல் கிடந்தால் துருப்பிடிக்கும்.

அதன் பிறகு குழுவில் வேலை சூடு பிடித்தது. ஹெரால்டுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஐம்பதுகளில் இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கார் உடம்பு செய்து கொடுத்த தொழிற்சாலையை எதிர்க் கம்பெனி வாங்கிவிட்டது. முழு உடம்பை ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல், துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி வடிவமைத்தார்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி கொடுத்த அழகான உருவம் அது. அன்றைக்கு அந்தக் கம்பெனிக்கு வந்த கஷ்டம் இன்றைக்கு எங்களுக்கு வரம். ஸ்பேனர் இருந்தால் வீட்டு ஷெட்டிலேயே பிரிக்கலாம். பானட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம்.

நானும் என் வண்டியைப் பிரித்தேன். பிரிப்பது சுலபம், ஞாபகம் வைப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றுமுன் போட்டோ எடுக்க வேண்டும் என்பது குழுவின் சட்டம். எங்கள் வீட்டு ஐஸ்கிரீம் டப்பாக்களும் காலி ஊறுகாய் பாட்டில்களும் பெயர் ஒட்டப்பட்டு ஷெட்டுக்குப் போயின. கடுகு டப்பாவைத் தொட்டபோதுதான் வீட்டில் எதிர்ப்பு கிளம்பியது.

பாகம்தான் பாடாகப் படுத்தியது. சாதாரண நாளில் புதுப்பேட்டைக்குப் போனால், வண்டி பெயரைச் சொன்னதும் பழைய சாமானுக்குள் கைவிட்டு எடுத்துத் தருவார்கள். ஊரடங்கில் அதற்கும் வழி இல்லை. ஜூன் 19 முதல் 30 வரை சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூரில் மறுபடி இறுக்கினார்கள். கோயம்பேடு காய்கறிச் சந்தை மே மாதமே திருமழிசைக்கு வந்திருந்தது. எங்கள் பக்கம் காய் லாரியும் டிராக்டருமாக ஒரே நெரிசல். நான் ஹெரால்டுக்கு வேண்டிய ஒரு புஷ்ஷை அந்தப் பக்கம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். பெரிய கம்பெனி ஆர்டர் இல்லாமல் பட்டறை காலியாக இருந்ததால்தான் ஒற்றைப் புஷ் கடைய ஒத்துக்கொண்டார்கள். அளவு எடுத்துக் கடைந்த பையனுக்கு வண்டி பெயர்கூடத் தெரியாது. துல்லியமாக உட்கார்ந்தது.

நவம்பரில் நிவர் புயல். 25-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். என் காருக்கு அப்போது சக்கரமே இல்லை, நாலு ஸ்டாண்டின் மேல் நின்றது. ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போக முடியாது. டப்பாக்களை மட்டும் பரண் மேல் ஏற்றிவிட்டு, விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

“ஆர்.சி. புக்குல்லாம் செல்லுமாண்ணே? பழைய வண்டிய உடைக்கச் சொல்றாங்கன்னாங்களே.”

அதற்கும் கொரோனா காலத்தில்தான் விதி வந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். டூ வீலரும் சேரும். நம்பரில் மாநில எழுத்துக்குப் பிறகு ‘வி.ஏ.’ வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் கழித்துப் புதுப்பிக்க 5,000. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. சேஸிஸ், உடம்பு, இன்ஜினை மாற்றியமைத்திருக்கவும் கூடாது. ரிஸ்டோர் செய்வதற்கும் மாடிஃபை செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். புஷ் கடைந்து போட்டால் பழுது பார்த்தது. மாருதி இன்ஜினைத் தூக்கி வைத்தால் அது வேறு வண்டி. கடைசி ஹெரால்டுகளுக்கு 50 வயது நெருங்கியதும் அந்த 2021-ல்தான்.

அதே வருஷம் செப்டம்பரில் ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலைநகரில் செய்த ஐகானும் ஃபிகோவும் ஒரு நாள் என் ஹெரால்டு இருக்கும் இடத்துக்கு வரும். கம்பெனி போய்விடும், வண்டி இருக்கும். அப்போது அதன் சத்தத்தைப் போனில் கேட்டே சொல்லும் காது, இன்று லைனில் நிற்கும் யாரிடமாவது இருக்க வேண்டும்.

ஷிப்டு பஸ் வந்து ஹாரன் அடித்தது. இளைஞர் எழுந்தார், போகவில்லை.

“எங்கப்பா சேத்தக் ஸ்கூட்டர் ஒண்ணு ஊர்ல நிக்குதுண்ணே. அவரு கொரோனாவுல தவறிட்டாரு. அதுக்கப்புறம் யாரும் எடுக்கல. லீவுக்குப் போறப்ப ஒதைச்சுப் பாக்கவா?”

“ஒதைக்காத தம்பி. டேங்க்ல பெட்ரோல் இருக்கா?”

“அவரு போட்டதுதான் இருக்கு.”

“முதல்ல அத வடிச்சு விடு. பிளக்கக் கழட்டி ரெண்டு சொட்டு ஆயில் விடு. அப்புறம் கையால கிக்கர மெதுவா அமுக்கிப் பாரு. இறங்கலைன்னா அமுக்காத, எனக்குப் போன் போடு.”

பஸ் படியில் நின்றபடியே என் நம்பரைக் குறித்துக்கொண்டார்.