திரிங்காப் மண் எங்கே போகிறது?

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் வழியில் இருக்கிறது திரிங்காப். சாலையின் இருபுறமும் காய்கறிப் பண்ணைகளின் நெகிழிக் கூரைகள் வெயிலில் பளபளக்கும். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் நாம் வாங்கும் முட்டைக்கோசும் தக்காளியும் கேமரன் மலையின் இத்தகைய பண்ணைகளிலிருந்து வருபவைதாம். கனமழைக்குப் பின் இங்குள்ள ஓடைகளில் தண்ணீர் 'தே தாரிக்' நிறத்தில் ஓடும். அந்த நிறம் மலையின் மேல்மண்ணுடையது.

கேமரன் மலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தேயிலையை ஒருமுறை நட்டால் பல பத்தாண்டுகள் நிற்கும். அதன் அடர்ந்த வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். (தேயிலைக்காகவும் ஒரு காலத்தில் காடு அழிக்கப்பட்டது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.) காய்கறி நிலமோ சில மாதங்களுக்கு ஒருமுறை கிளறப்படுகிறது. நெகிழிக் கூரை தனக்குக் கீழுள்ள மண்ணை மழையிலிருந்து காக்கிறது என்பது உண்மையே. ஆனால், கூரையிலிருந்து வழியும் நீருக்கு முறையான வடிகால் இல்லையென்றால், அது அடுத்த சரிவை அரித்துக்கொண்டு இறங்குகிறது.

இறங்கிய மண் எங்கே போகிறது? திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா வட்டாரத்து ஓடைகள் தெலோம் ஆற்றில் கலக்கின்றன. மின்னுற்பத்திக்காகத் தெலோம் ஆற்று நீரின் ஒரு பகுதி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகப் பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பப்படுகிறது. பெர்த்தாம் ஆறு ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணையைச் சேர்கிறது. ஆகவே, வடக்கே அரிக்கப்படும் மண்ணின் ஒரு பகுதி தெற்கே உள்ள நீர்த்தேக்கத்தின் அடியில் படிகிறது. 1960களில் கட்டப்பட்ட அந்த நீர்த்தேக்கம் ஏறத்தாழ 80 ஆண்டுகள் பயன்படும் எனக் கணிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ பாதியை வண்டல் நிரப்பிவிட்டது.

2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், கனமழையால் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குள் சேறும் வெள்ளமும் புகுந்தன, உயிர்களும் பறிபோயின. ஆற்றோரத்தில் வீடுகள் நெருக்கமாக அமைந்திருந்ததும் பாதிப்பைப் பெரிதாக்கியது.

சுற்றுச்சூழல் நீதி என்னும் சொல்லின் பொருள் இங்கே விளங்கும். காய்கறியை உண்பவர் நகரத்தில் இருக்கிறார். மின்சாரத்தைப் பயன்படுத்துபவரும் பெரும்பாலும் நகரத்தில்தான். சேறு புகுவதோ தாழ்நிலத்துத் தொழிலாளியின் வீட்டில். ஆற்றை நம்பி வாழும் செமாய் பழங்குடியினருக்குக் கலங்கிய நீர்தான் மிஞ்சுகிறது. விவசாயிகளை மட்டும் குறை கூறுவதும் சரியன்று. பலர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் பயிரிட்டு வந்தனர். அடுத்த ஆண்டு அந்த நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர், செலவு செய்து படிமுறை வரப்பும் வடிகாலும் அமைக்கத் தயங்குவார் அல்லவா?

நகரத்து இளையோர் இதில் என்ன செய்யலாம்? ஒரு நாள் பேருந்தில் வந்து, ஒரே நிறச் சட்டை அணிந்து, குப்பை பொறுக்கிப் படம் எடுத்துச் செல்வது பயனற்றது என்று சொல்லமாட்டேன். அத்துடன் நின்றுவிட்டால்தான் குறை. கேமரன் மலையில் 2001ஆம் ஆண்டு முதல் இயங்கும் 'ரீச்' என்னும் உள்ளூர் அமைப்பு, வெறுமையான சரிவுகளில் மரம் நடும் பணியில் ஈடுபட்டு வந்துள்ளது. நட்ட கன்றுகளைச் சுற்றிக் களை எடுக்க மறுபடியும் வர வேண்டும். அந்த இரண்டாம் பயணத்துக்குத்தான் ஆள் தேவை.

அளப்பது இன்னொரு வழி. அடி மூடிய ஒளிபுகும் நீண்ட நெகிழிக் குழாய் ஒன்று, அதன் அடியில் கறுப்பு வெள்ளை வட்டு ஒன்று, ஓர் அளவுகோல், இவை போதும். ஆற்று நீரை மெதுவாக ஊற்றி, மேலிருந்து பார்க்கும்போது வட்டு மறையும் உயரத்தைக் குறிக்க வேண்டும். உயரம் குறையக் குறைய நீரில் கலங்கல் அதிகம் என்று பொருள். ஒரே இடத்தில், வாரம் ஒருமுறை, மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் ஓராண்டில் ஒரு பதிவேடு உருவாகிவிடும். இதற்குத் திரிங்காப் வரை வரவேண்டும் என்பதில்லை; ஈப்போ மாணவர் கிந்தா ஆற்றிலும், கோலாலம்பூர் மாணவர் கிள்ளான் ஆற்றிலும் அளக்கலாம். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். நீர் பெருகி ஓடும்போது கரையை நெருங்கக்கூடாது.

அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு சுற்றுச்சூழல் துறைக்கோ, வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கோ செல்லும்போது, "ஆறு கலங்கியிருக்கிறது" என்று பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்த நாளில், எந்தப் பாலத்தின் அடியில், எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லலாம்.