கெடிலக் கரையிலிருந்து குன்னூர் எலிகள் வரை... இதெல்லாம் தெரியுமா?

அப்பர் பாடிய முதல் பதிகம் எதில் பிறந்தது தெரியுமா? வயிற்று வலியில்! சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு, இன்றைய கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பெரும்புகழோடு இருந்தவரைச் சூலை நோய் சுருட்டிப் போட்டது. மணி, மந்திரம், மருந்து எதற்கும் மசியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அக்காள் திலகவதியாரைத் தேடி அவர் வந்து சேர்ந்த ஊர்தான், பண்ருட்டியை ஒட்டிக் கெடிலக் கரையில் இருக்கிற நம் திருவதிகை. வலி தீர்ந்தது, பாட்டு பிறந்தது என்கிறது பெரியபுராணம். அதன் பிறகு அவர் கையைவிட்டு இறங்காத பொருள் எது? உழவாரம். புல் செதுக்குகிற கருவி! வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர், மண்ணைக் கொத்துகிற கருவியோடு கிளம்பிப் போனார். புராணத்தில் சத்துணவுப் பாடம் தேடுகிறாயா என்று யாரும் அடிக்க வர வேண்டாம். வயிற்றுக்கும் மண்ணுக்கும் இந்த வட்டாரத்தில் பழைய சம்பந்தம் உண்டு, அவ்வளவுதான் சொல்கிறேன்.

நம்பிக்கை இல்லையா? இதே கடலூர் மாவட்டத்து வடலூருக்கு வாருங்கள். 1867 மே 23 அன்று வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சாலை எழுந்த நிலம் யாருடையது தெரியுமா? ஊராருடையது! பார்வதிபுரத்து மக்கள் எழுதிக் கொடுத்த 80 காணி. ஏக்கர் கணக்கில் நூற்றுக்கும் மேல். அரசாணை கிடையாது, நிதி ஒதுக்கீடு கிடையாது. பசித்தவனுக்குச் சோறு போட ஊரே நிலம் கொடுத்திருக்கிறது.

அடுத்தது எலிக் கதை. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்த ஊர் ஐதராபாத் அல்ல, நம் குன்னூர்! 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், அங்கிருந்த பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில், பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தார். அதுதான் வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்குக் குடிபோனது. அந்த மெக்காரிசன் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சாப்பிட்ட ‘பஞ்சாப் எலிகள்’ மொழுமொழுவென்று வளர்ந்தன. அரிசியே கதி என்று கிடந்த ‘மதராஸ் எலிகள்’ கடைசி வரிசையில் நோஞ்சானாக நின்றன! படிக்கும்போது கொஞ்சம் ரோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் குற்றம் அரிசியின் தலையில் இல்லை; தட்டில் அரிசியைத் தவிர மற்றவை போதாமல் இருந்ததுதான் குற்றம்.

நூறு ஆண்டு ஆகப்போகிறது, எலிகள் சொன்னது மாறிவிட்டதா? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. பாதிக்கு மேல் ரத்தசோகை. காமராசர் காலத்து மதிய உணவு, எம்.ஜி.ஆரின் 1982 சத்துணவு, 2022-ல் வந்த காலை உணவு என்று நாடே பார்த்துக் கற்றுக்கொண்ட மாநிலத்தில் இந்த நிலை!

இத்தனைக்கும் பண்ருட்டிச் செம்மண்ணில் விளையாதது என்ன? பலாச்சுளையை ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். கொட்டையைச் சுட்டுத் தின்றால் மாவுச்சத்தும் புரதமும் இலவசம். முந்திரியோ இன்னும் பெரிய வேடிக்கை. பருப்பு கிலோ இத்தனை ரூபாய் என்று விலை பேசுகிறோம், அதைத் தாங்கி நின்ற பழத்தைத் திருகித் தரையில் எறிகிறோம். அந்தப் பழத்தில் ஆரஞ்சைப்போல நாலைந்து மடங்கு வைட்டமின் சி இருக்கிறது தெரியுமா? கீரையிலும் கேழ்வரகிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு நன்றாக இழுத்துக்கொள்ள வேண்டுமானால், கூடவே வைட்டமின் சி இருப்பது நல்லது. ரத்தசோகைக்கு உதவக்கூடிய பழம் முந்திரித் தோப்பில் அழுகிக்கொண்டிருக்கிறது! தொண்டை கரகரக்கும், உண்மைதான். உப்புத் தொட்டுத் தின்னுங்கள், எங்கள் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் தின்றோம்.

கேழ்வரகு என்றதும் நினைவு வருகிறது. நூறு கிராம் பசும்பாலில் கால்சியம் ஏறக்குறைய 120 மில்லிகிராம். நூறு கிராம் கேழ்வரகில்? 350-ஐ ஒட்டி!

சரி, ஊர் கூடினால் குழந்தையின் எடை ஏறுமா? ஏறும் என்று தமிழ்நாடே காட்டியிருக்கிறது. 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முன்னோட்டமாகத் தொடங்கி, உலக வங்கிக் கடனில் பரவிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை இன்றைக்கு எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? அதன் சூட்சுமம் சோற்றில் இல்லை, தராசில்! மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் நிறுத்துப் பார்ப்பார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்து உருண்டை. எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். ‘ஏழை வீட்டுப் பிள்ளை’ என்ற முத்திரையே இல்லை. எடைக் கோடு எப்படிப் போகிறது என்று அம்மாவுக்கே காட்டிக் கொடுத்தார்கள். பல ஊர்களில் அந்த உருண்டையைப் பிடித்தது யார்? அந்த ஊர்ப் பெண்கள் குழுதான். கடுமையான ஊட்டக்குறை கணிசமாகக் குறைந்தது. உலகமெங்கும் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். நாம்தான் மறந்துவிட்டோம்.

இப்போது ஒரு தலைகீழ் வேடிக்கை. முந்திரி நமக்கு எங்கிருந்து வந்தது? பிரேசிலிலிருந்து, போர்ச்சுக்கீசியர் கப்பலில். அதே பிரேசில் 2009-ல் ஒரு சட்டம் போட்டது: பள்ளிச் சாப்பாட்டுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குச் சிறு, குடும்ப விவசாயிகளிடமிருந்தே வாங்க வேண்டும்! பிள்ளைக்கும் நல்ல காய், பக்கத்துக் காட்டுக்காரருக்கும் நிச்சயமான வியாபாரம். மரத்தை இறக்குமதி செய்த நாம் இந்தச் சட்டத்தையும் இறக்குமதி செய்திருக்கலாமே! நம் சத்துணவு முட்டை நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரியில் வருகிறது. வரட்டும், தப்பில்லை. பால்வாடி கீரையுமா சந்தையிலிருந்து வர வேண்டும்? வங்கதேசத்தைப் பாருங்கள். அங்கே 1990-லிருந்தே ஹெலன் கெல்லர் பெயரில் இயங்கும் தொண்டு நிறுவனம் வீட்டுக் கொல்லையில் காய்கறி, பிறகு கோழி என்று குடும்பங்களுக்குப் பழக்கியது. அது கையில் எடுத்த பிரச்சினை, வைட்டமின் ஏ குறைவால் வரும் கண்பார்வைக் கோளாறு. கீரை, மஞ்சள் காய், ஒரு சொட்டு எண்ணெய். எண்ணெய் இல்லாமல் அந்த வைட்டமின் உடம்பில் சரியாக ஒட்டாது, மறந்துவிடாதீர்கள்!

கடைசியாக ஒன்று. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.1 செடிமுருங்கையை விதை போட்டால், ஏறக்குறைய ஆறே மாதத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். தாய்ப்பாலோடு கூடவே மசித்த சோறும் ஊட்ட ஆரம்பிக்க மருத்துவர்கள் சொல்லும் கணக்கும் அதே ஆறு மாதம்தான். அதனால் வீட்டில் பிள்ளை பிறந்த சேதி வந்ததும், இனிப்பு வாங்கக் கடைக்கு ஓடும் முன்னே, கொல்லையில் ஒரு குழி தோண்டி நாலு முருங்கை விதையைப் போட்டுவிட்டு ஓடுங்கள்.