'கோ', 'வென்ட்': ஒரு வினை, இரு வேர்கள்

ஆங்கிலத்தில் 'செல்' எனப் பொருள்படும் 'கோ' என்னும் வினையின் இறந்தகால வடிவம் 'வென்ட்' ஆகும். இவ்விரண்டும் ஒரே வேரினின்று பிறந்தவை அல்ல. பழைய ஆங்கிலத்தில் இவ்வினை 'கான்' என வழங்கியது; அதன் இறந்தகாலமான 'ஏயொடெ' என்பதும் வேறொரு வேருக்குரியதே. 'வென்ட்' என்பதோ 'திரும்பு, திருப்பு' எனப் பொருள்பட்ட 'வெண்டன்' என்னும் தனிவினையின் இறந்தகாலம். திரும்புதல், ஒரு திசை நோக்கித் திரும்பிச் செல்லுதலாயிற்று. பின்னர்ச் செல்லுதல் மட்டுமே எஞ்சியது. இடைக்கால ஆங்கிலத்தின் இறுதிக்குள் பழைய வடிவின் இடத்தை 'வென்ட்' பற்றிக்கொண்டது. இறந்தகாலத்தைப் பறிகொடுத்த தாய்வினையாகிய 'வெண்ட்', 'வெண்டெட்' எனப் புதுவடிவம் ஆக்கிக்கொண்டு இன்றும் அருகி வழங்குகிறது. ஸ்காட்லாந்து வழக்கிலோ 'கோ' தன் வேரிலேயே இறந்தகால ஈறு பெற்று நின்றது.

பாடநூல்கள் இதனைச் 'சிங்', 'சேங்' போன்றவற்றோடு ஒழுங்கற்ற வினை என ஒருங்கே அடக்குகின்றன. இது பொருந்தாது, 'சிங்', 'சேங்' ஒரே வேரின் உயிர்மாற்றம். தமிழில் 'செல்', 'சென்றான்' என வருவதை 'கோ', 'வென்ட்' என்பதற்கு இணையாகக் காட்டுவதும் பிழையே. செல்(ன்)+ற்+ஆன் எனப் பிரிக்கையில் லகரம் னகரமாகத் திரிகிறது, பகுதி மாறவில்லை.