மண்மேடுகள் காத்த நினைவு

குளக்கட்டுப் போட்ட கைகளுக்கு மண்ணின் அருமையை எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. தலைமுறைகள் கூடை கூடையாகச் சுமந்து எழுப்பிய கட்டை ஒரு டோசர் ஒரே நாளில் தள்ளிவிடும். அதைத் தடுக்க வழியுண்டா?

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து நியுவார்க் நகரைப் பார்ப்போம். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த பூர்வீகக் குடிகள், கூரிய தடிகளாலும் சிப்பி ஓட்டாலான மண்வெட்டிகளாலும் மண்ணை வெட்டி, கூடைகளிற் சுமந்து, வட்டமாகவும் எண்கோணமாகவும் பெரும் மண்மேடுகளை அமைத்தனர். எண்கோணம் மட்டும் சுமார் 50 ஏக்கரை வளைத்து நிற்கிறது. 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்திரன் வடக்கே எட்டும் கடைசி எல்லையின் உதயத்துக்கு நேராக அது அமைந்திருப்பதை 1982 இல் இரு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். அது போர்க்கோட்டையன்று, வழிபடவும் ஒன்றுகூடவும் எழுந்த புனித இடம்.

1830 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பின்னர், ஒகையோவில் வாழ்ந்த ஷோனி முதலிய மக்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அகற்றப்பட்டனர். அந்த நூற்றாண்டிலேயே கால்வாய், ரயில் பாதை, வீதி, வீடு என்று அபிவிருத்தி வந்தது. மேடுகளிற் பெரும்பகுதி மறைந்தது. எஞ்சிய எண்கோணம் 1910 இல் ஒரு கோல்ப் கழகத்துக்குக் குத்தகையாகப் போயிற்று. முன்னோரின் புனித நிலத்தில் பந்தடித்து விளையாடினார்கள்.

எனினும் கதை அங்கே முடியவில்லை. 1848 இல் அச்சான ஒரு நூலில் மேடுகள் அளந்து வரையப்பட்டிருந்தன. அழிந்தவை எங்கே நின்றன என்பதற்கு அந்தப் படம் சாட்சியாயிற்று. ஷோனி மக்களின் தலைவியருள் ஒருவரான கிளென்னா வாலஸ் போன்றோர் தொலைவிலிருந்து வந்து, இது எம் முன்னோரின் கைவேலை என்று குரல் கொடுத்தனர். நிலத்துக்குப் பொறுப்பான வரலாற்றுச் சங்கம் 2018 இல் வழக்குத் தொடுத்தது. பொதுநன்மைக்காக நிலத்தை எடுக்கும் சட்டத்தைக் கொண்டே அந்தக் குத்தகையை முடிக்கலாம் என 2022 இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுரிமையாக ஏற்றது. 2025 சனவரி முதல் எண்கோணம் எல்லா மக்களுக்கும் திறந்திருக்கிறது.

ஊரைப் பிரிந்த மக்களே அந்த இடத்துக்காகப் பேசினார்கள். இடம்பெயர்ந்து வாழும் நாம் இதைக் கருத்திற் கொள்வோம். கோயிலடி, சேமக்காலை, பழைய குளக்கட்டு, துருசு, வான் ஆகியவை எங்கே இருந்தன, எதை எல்லையாகக் கொண்டிருந்தன என்பதை மூத்தோரிடம் கேட்டு எழுதுவோம், படம் வரைவோம், ஒரு பிரதியை ஊர்ச் சங்கத்தில் வைப்போம். திட்டம் ஒன்று வரும்போது, வேலை தொடங்குமுன் அந்தப் படத்தோடு அதிகாரிகளிடம் செல்வோம். வெட்டிய மண்ணை மறுபடி கொட்டலாம். இழந்த தடயத்தை மீட்க இயலாது.