கடுகு டப்பாவில் ரூ.43,500! புருஷனுக்குத் தெரியாமல் மனைவி சேர்த்த பணம். மனைவிக்குத் தெரியாமல் புருஷன் வாங்கிய கடன்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்து வீடு. 2016-ம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ந் தேதி. இரவு மணி 8.

டி.வி.யில் பிரதமர் மோடி பேசினார். அன்று நள்ளிரவு முதல் 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்.

வீட்டுக்காரர், பாரிமுனையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுபவர். சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். ஒரே ஒரு 500 ரூபாய் நோட்டு இருந்தது.

"நமக்கு என்ன கவலை? பணக்காரன்தான் தூக்கம் கெட்டுத் தவிப்பான்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

தூங்காமல் தவித்தது அவருடைய மனைவி!

11 வருஷப் பணம்

சமையல்கட்டு அலமாரியில், மேல் தட்டில் ஒரு கடுகு டப்பா. மேலாக்கில் கடுகு. அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் 500 ரூபாய் நோட்டு 69. ஆயிரம் ரூபாய் நோட்டு 9. மொத்தம் ரூ.43 ஆயிரத்து 500.

பால் கணக்கில் 10 ரூபாய், காய்கறியில் 5 ரூபாய், பொங்கலுக்கு அண்ணன் கொடுத்த 200, ராத்திரியில் கண் விழித்து ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்த கூலி. இப்படி 11 வருஷம் சேர்த்தது.

"சில்லறையா வெச்சா இடம் அடைக்குதேன்னு பெரிய நோட்டா மாத்தினேன். அதுவே வினையாப் போச்சு" என்றார் அந்த அம்மாள்.

ஏன் மறைத்தார்? அதற்கும் ஒரு கதை உண்டு.

2005-ம் ஆண்டு. மழைக்காலம். மூத்த பையனுக்கு அப்போது 3 வயது. நடுராத்திரியில் காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குக்கூட வீட்டில் காசு இல்லை.

சம்பளம் வாங்கி 4 நாள்தான் ஆகியிருந்தது. பணம் எங்கே? கூட வேலை செய்பவருக்குக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் வீட்டுக்காரர்.

அந்த அம்மாள் காதில் கிடந்த கம்மலைக் கழற்றிப் பக்கத்து வீட்டில் கொடுத்து, 200 ரூபாய் வாங்கிக்கொண்டு ஓடினார். பையன் பிழைத்தான். மறுநாளே கடுகு டப்பா தயார் ஆகிவிட்டது.

"அவர் கெட்டவர் இல்லைங்க. குடி கிடையாது, சூதாட்டம் கிடையாது. யாராவது கேட்டா இல்லைன்னு சொல்லத் தெரியாது. அவ்வளவுதான்" என்கிறார் அந்த அம்மாள்.

"என்னை நம்பலையா?"

விடிந்ததும் தண்ணீர் பிடித்து வைத்தார். பிறகு டப்பாவைக் கொண்டுவந்து புருஷன் முன்னால் கவிழ்த்தார். பாய் முழுவதும் கடுகு சிதறியது. நடுவில் நோட்டுக்கட்டு.

அவருக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார்.

"ஏம்மா, 11 வருஷமா என்னை நம்பலையா?"

"உங்களை நம்புறேங்க. உங்க சட்டைப்பையைத்தான் நம்பலை!"

அன்று பாங்கி கிடையாது. 10-ந் தேதி காலையில் இருவரும் வரிசையில் நின்றார்கள். கையில் மாற்றிக்கொள்ள 4,000 ரூபாய் வரைதான் அனுமதி. மற்றதைக் கணக்கில் போட வேண்டும். அந்த அம்மாள் பெயரில் ஒரு ஜன்தன் கணக்கு இருந்தது. ஆரம்பித்த நாளில் இருந்து அதில் ஒரு பைசாகூட போடவில்லை.

வெயில் ஏறியது. வரிசை நகரவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் வீட்டுக்காரர் மெதுவாக வாயைத் திறந்தார்.

"நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

3 வட்டிக் கடன்

2013-ம் ஆண்டு நவம்பர் மாதம் அவருடைய அக்காள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் செய்யாமல் சபையில் எப்படி நிற்பது? 40 ஆயிரம் ரூபாய் கடன் வாங்கினார். 3 வட்டி. அதாவது 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். வருஷத்துக்கு 36 ரூபாய்!

மாதம் 1,200 ரூபாய் வட்டி. கடையில் ஓவர்டைம் பார்த்த காசை வீட்டுக்குக் காட்டாமல் அப்படியே வட்டிக்குக் கட்டிவந்தார். 36 மாதம் கட்டியது ரூ.43 ஆயிரத்து 200. அசல் 40 ஆயிரம் அப்படியே நின்றது.

அந்த அம்மாள் வரிசையில் நின்றபடியே கணக்குப் போட்டுப் பார்த்தார். 11 வருஷத்தில் டப்பாவில் சேர்ந்தது 43 ஆயிரத்து 500. 3 வருஷத்தில் வட்டியாகப் போனது 43 ஆயிரத்து 200.

முந்தின நாள் இரவு முழுவதும் அழாத அந்த அம்மாள், அங்கேதான் அழுதார்.

"கல்யாணத்தப்போவே டப்பாவுல 30 ஆயிரம் இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கடன் பத்தாயிரத்தோட போயிருக்கும். வட்டி மாசம் 300தான்!"

பத்துக்குப் பத்து வீடு. ஒரே பாயில் படுக்கை. ஆனால் ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. அவர் மானத்துக்குப் பயந்து மறைத்தார். அந்த அம்மாள் அவருடைய இளகிய மனசுக்குப் பயந்து மறைத்தார். இருவர் பயத்திலும் லாபம் பார்த்தவர், வட்டிக்காரர்.

இன்னொரு வீடு

எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்து சொல்ல முடியாது.

வியாசர்பாடியில் 4 வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண். அரிசிப் பானைக்குள் 9 ஆயிரம் ரூபாய் வைத்திருந்தார். "மாத்திட்டு வரேன்" என்று வாங்கிப்போன புருஷன், 3 நாள் கழித்து வெறுங்கையோடு வந்தார். வாயில் சாராய நாற்றம்.

இவரிடம் போய் "புருஷனிடம் ஒளிக்காதே" என்று யார் சொல்வது? இப்போது அவர் பெயரில் பாங்கி கணக்கு. பாஸ் புத்தகம் வேலை செய்யும் வீட்டு அம்மாவிடம்.

அது யார் பணம்?

'புருஷன் சம்பாத்தியத்தில் மிச்சம் பிடித்தது திருட்டுத்தானே?' என்று கேட்பவர்கள் உண்டு.

அந்தச் சமயத்தில் குடும்பப் பெண்கள் கணக்கில் போட்ட பணத்துக்கு, ரூ.2½ லட்சம் வரை கேள்வி கேட்கமாட்டோம் என்று மத்திய அரசே சொன்னது. 2021-ல் ஆக்ராவில் உள்ள வருமான வரி தீர்ப்பாயமும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது.

சென்னை ஐகோர்ட்டு 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் இன்னும் ஒரு படி மேலே போனது. மனைவி வீட்டைக் கவனிப்பதால்தான் கணவன் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிகிறது. ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

பணம் அவருடையதுதான். ஆனால் அதற்குக் கடுகு டப்பா சரியான இடமா?

தபால் ஆபீசில் மாதம் 100 ரூபாயில் 5 வருஷ சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். வாரிசுதாரர் பெயரையும் மறக்காமல் எழுதிக்கொடுக்க வேண்டும். பாங்கியில் போட்டாலும், யாருக்கும் சொல்லாமல் கண்ணை மூடிவிட்டால் என்ன ஆகும்? 10 வருஷம் கேட்பார் இல்லாமல் கிடக்கும் பணம் ரிசர்வ் பாங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். வாரிசு பிறகு கேட்டு வாங்கலாம். ஆனால் பணம் இருப்பதே தெரிந்தால்தானே கேட்பதற்கு?

1-ந் தேதி கணக்கு

பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் 40 ஆயிரம் கடனை இரண்டு தவணையாக அடைத்தார்கள். கையில் நின்றது 3,500 ரூபாய்.

டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் அடித்தது. கரண்டு இல்லை, ஏ.டி.எம். இல்லை. பாலுக்கும் மெழுகுவர்த்திக்கும் அந்தப் பணம்தான் கைகொடுத்தது.

அதிலிருந்து ஒரு பழக்கம். 1-ந் தேதி இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு 40 பக்க நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். சம்பளம், ஓவர்டைம், தையல் கூலி, கைமாற்று எல்லாம் அதில் ஏறும். சில மாதம் சண்டையும் வரும்.

"சண்டை வரட்டுங்க. வட்டி வராம இருந்தா சரி" என்கிறார் வீட்டுக்காரர்.

கடுகு டப்பா அதே அலமாரியில்தான் இருக்கிறது. அவசரத்துக்கு 2 ஆயிரம் ரூபாய் இன்றைக்கும் அதில் உண்டு. எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும்!