டீசல் எஞ்சினில் எண்ணெய் ஓட்டம் தடைப்படுதலும் அதனை அறியும் முறையும்

பயிர் கதிர் விடும் தருணத்தில் நீர் இறைக்கும் எஞ்சின் நின்றுவிடுமாயின், அதனால் நேரும் நஷ்டம் பழுது பார்க்கும் கூலியினும் பன்மடங்கு அதிகமாகும். மின்சார இணைப்பில்லாத கிணறுகளிலும் வாய்க்காற் கரைகளிலும் பழைய டீசல் எஞ்சின்கள் இன்றும் உழைத்து வருகின்றன. அவை நின்றவுடன் டீசல் பம்பைக் கழற்றிப் பார்ப்பது பலரிடத்தும் காணப்படும் வழக்கமாகும். இது பெருந்தவறு. அப்பம்பினுள் ஏறி இறங்கும் தண்டிற்கும் அதன் கூட்டிற்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அதில் இரண்டு மூன்று கூறுகளே. புழுதி பறக்கும் வயலோரத்தில் அதனைத் திறப்பதால் இல்லாத பழுதும் உண்டாகும். காற்று, நீர், அழுக்கு ஆகிய மூன்றையும் முதலில் சந்தேகித்தல் வேண்டும்.

டீசல் செல்லும் வழி

1897-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தில் ருடால்ப் டீசல் என்பவர் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய இவ்வகை எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. சிலிண்டரில் அழுத்தப்படும் காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். நீர் இறைக்கும் சாதாரண எஞ்சின்களில், டேங்கிலிருந்து டீசல் தானே இறங்கி, பில்டரைக் கடந்து பம்பை அடைகிறது. பம்பு அதனை மிகுந்த அழுத்தத்துடன் நாசிலுக்குத் தள்ள, நாசில் அதைப் பனிபோலத் தூவுகிறது. குழாயில் காற்று புகுந்துவிடின், பம்பின் தள்ளல் அக்காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகும், நாசில் திறவாது.

புகையால் அறிதல்

கைப்பிடியைச் சுற்றுங்கால் புகையே தோன்றாவிடில், டீசல் சிலிண்டரை எட்டவில்லை என்று கொள்க. வெண்புகை வந்தும் எஞ்சின் பிடிக்காவிடில், டீசலில் நீர் கலந்திருத்தல் கூடும். அல்லது சிலிண்டரின் அழுத்தம் குறைந்திருத்தல் கூடும். கரும்புகை, நாசில் சரிவரத் தூவாமைக்கோ, காற்று வடிகட்டி அடைபட்டமைக்கோ, பளு மிகுதிக்கோ அடையாளம். நீலப்புகை மசகெண்ணெய் எரிவதைக் குறிக்குமாதலால், அது வேறு பழுதாகும்.

சோதிக்கும் வரிசை

1. டேங்கில் டீசல் உளதா, மூடியிலுள்ள சிறு துவாரம் திறந்துளதா என்று பார்க்க. துவாரம் அடைபடின் டீசல் இறங்காது. எஞ்சின் சிறிது நேரம் ஓடிப் பின் நின்றுவிடும்.

2. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிச் சீசாவில் பிடித்து, அசையாமல் வைக்க. நீர் இருப்பின் அடியில் தனியே தங்கும். அது தீரும்வரை வடித்துவிடுக.

3. பில்டருக்குப் பின்னுள்ள குழாயைத் தளர்த்துக. டீசல் தடையின்றி வழியாவிடில் பில்டரை மாற்றுக.

4. பின்னர்க் காற்றை வெளியேற்றுக. முதலில் பில்டரிலும், அடுத்துப் பம்பிலும் உள்ள ஸ்குரூவைத் தளர்த்திக் குமிழியற்ற டீசல் வரும்வரை காத்திருந்து இறுக்குக. இவ்வரிசையை மாற்றலாகாது.

5. இறுதியில் நாசிலின் குழாய் நட்டைத் தளர்த்திக் கைப்பிடியைச் சுற்றுக. டீசல் விட்டுவிட்டு வருமாயின் பம்பு வேலை செய்கிறது. மீண்டும் இறுக்கிச் சுற்றுங்கால் நாசில் ஒலி எழுப்பாவிடில், அதனைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் சோதனைக்கு அனுப்புக.

எச்சரிக்கை

நாசில் தூவும் டீசலின் எதிரே கையை நீட்டலாகாது. அது தோலைத் துளைத்து உடலினுள் புகும். காயம் ஊசி குத்தியதுபோற் சிறிதாகத் தோன்றினும், உடனே மருத்துவமனைக்குச் செல்லாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம்.

வருமுன் காத்தல்

பீப்பாயிலுள்ள டீசலை ஒரு நாள் அசையாமல் தெளியவிட்டு, அடிமண்டியை விடுத்து மேலுள்ளதையே எடுக்க. துத்தநாகம் பூசிய வாளியிலோ தகரத்திலோ டீசலைச் சேமித்து வைத்தலாகாது. மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வைத்தால், இரவுக் குளிரில் உள்ளே நீர் கோர்ப்பது குறையும். இச்சிறு கவனங்கள் செலவற்றவை. தக்க தருணத்தில் விளைச்சலைக் காப்பவையும் இவையே.