திருத்திய பிழை திரும்ப வருவது ஏன்?

1976-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன், சக ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் தன் விதியை நொந்தபடி நுழைந்தார். காலை முழுக்க ஒரு பிழையைத் தேடி அலுத்திருந்தார். பிழையோ ஏற்கெனவே திருத்தப்பட்டுவிட்டது. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யாததால், அதுவரை ஓடியது பழைய நிரல். முந்தைய நாள் மாலை ஃபெல்ட்மனும் இதே தொல்லையில் மாட்டியிருந்தார். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் ‘மேக்’ என்ற கருவி. இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

சி போன்ற மொழிகளில் நாம் எழுதும் ஒவ்வொரு மூலக் கோப்பையும் கம்பைலர் தனித்தனியே இயந்திர மொழிக்கு மாற்றி, ஆப்ஜெக்ட் கோப்பாக வைக்கும். லிங்க்கர் அவற்றைக் கோத்து ஒரே நிரலாக்கும். லினக்ஸ் கெர்னலில் இப்படிப் பல்லாயிரம் கோப்புகள் உண்டு. ஒரு வரியை மாற்றியதற்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்துகொண்டிருந்தால் யாருக்கும் பொழுது போதாது. ஆகவே எதையெல்லாம் செய்யாமல் விடலாம் என்று கருவி முடிவெடுக்க வேண்டும். வம்பெல்லாம் அந்த முடிவில்தான் இருக்கிறது.

மேக் பார்ப்பது கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை மட்டும். மூலக் கோப்பு ஆப்ஜெக்டைவிடப் புதியதாக இருந்தால் கம்பைல் செய்யும், இல்லாவிட்டால் தொடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காது. போன மாதத்துக் கோப்பை அதன் பழைய தேதியோடு பேக்கப்பிலிருந்து எடுத்து வைத்தால், உள்ளடக்கம் மாறியிருந்தும் மேக் அசையாது. கோப்புகள் வேறொரு சர்வரில் இருந்து, அதன் கடிகாரமும் நம் கணினியின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டாலும் கணக்கு குழம்பும்.

இவை எப்போதாவது வருபவை. அடிக்கடி காலை வாருவது, பல மூலக் கோப்புகள் பொதுவாகப் படிக்கும் ஹெடர் கோப்பு. வங்கி நிரல் ஒன்றில் வாடிக்கையாளர் பதிவு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: முதல் 4 பைட்டில் கணக்கு எண், அடுத்த 4 பைட்டில் இருப்புத் தொகை. இந்த அமைப்பு ஹெடரில் இருக்கிறது. வட்டி போடும் கோப்பு, ரசீது அச்சிடும் கோப்பு இரண்டும் அதைப் படிக்கின்றன. ஒருநாள் இடையில் கிளை எண் என்று இன்னொரு 4 பைட்டைச் செருகுகிறோம். இருப்பு முதல் 8 பைட்டுக்குப் பின்னால் நகர்கிறது. எது எதைச் சார்ந்தது என்று மேக்குக்குச் சொல்லும் மேக்ஃபைலில், ரசீதுக் கோப்பும் இந்த ஹெடரைச் சார்ந்தது என்று எழுத மறந்துவிட்டால், வட்டிக் கோப்பு மட்டும் புதிதாகக் கம்பைல் ஆகும். ரசீதின் ஆப்ஜெக்ட் இருப்பைப் பழைய இடத்திலேயே தேடும். 12,500 ரூபாய் வைத்திருப்பவருக்கு, அவர் கிளையின் எண்ணான 604 இருப்பாக அச்சாகும். மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் அதில் தவறு கிடைக்காது. சி-யின் லிங்க்கரும் எச்சரிக்காது. அது பெயர்களைப் பொருத்துமே தவிர, பதிவின் அமைப்பை ஒப்பிடாது. ஓக்கேமல் மொழியில் இப்படி நழுவ முடியாது. இடைமுகத்தின் கைரேகை போன்ற ஒரு எண்ணை அது கம்பைல் செய்த ஒவ்வொரு கோப்பிலும் எழுதிவைக்கிறது. எண்கள் ஒத்துப்போகாவிட்டால் இணைக்க மறுத்துவிடும்.

   

சார்புகளைக் கையால் எழுதினால் விட்டுப்போகத்தான் செய்யும். ஜிசிசி, கிளாங் போன்ற கம்பைலர்களிடம் கேட்டால், தாங்கள் திறந்த ஹெடர்களின் பட்டியலைத் தாங்களே எழுதித் தரும். நேரத்தை நம்பாத கருவிகளும் வந்துவிட்டன. சாம்பா மென்பொருளை உருவாக்கிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதிய ‘சிகேஷ்’, உள்ளடக்கத்தின் ஹாஷை, அதாவது அதன் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிட்டு, அதே உள்ளடக்கம் முன்பே கம்பைல் ஆகியிருந்தால் பழைய ஆப்ஜெக்டையே எடுத்துக் கொடுக்கும்.

பலர் இதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை. சந்தேகம் வந்தால் ‘மேக் கிளீன்’ அடித்து, ஆப்ஜெக்ட் கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுவார்கள். பிழை போய்விடும். எந்தச் சார்பு விடுபட்டது என்பது தெரியாமலே இருக்கும். அடுத்த வாரம் அதே பிழை வேறு கணினியில் வரும்.

கம்பைலர் தரும் பட்டியலிலும் ஓட்டை உண்டு. ஹெடரை அது முதலில் ஓர் அடைவில் தேடி, கிடைக்காமல் அடுத்த அடைவில் எடுத்திருக்கலாம். பட்டியலில் ஏறுவது கிடைத்த கோப்பு மட்டுமே. பிறகு யாராவது அதே பெயரில் ஒரு ஹெடரை முதல் அடைவில் வைத்தால், பட்டியலில் உள்ள எதுவும் மாறாததால் மறு கம்பைல் நடக்காது. கூகுள் 2015-இல் வெளியிட்ட ‘பேசல்’ கருவி இதற்குக் கறாரான வழியைப் பிடித்தது. சொல்லிவைத்த கோப்புகளை மட்டும் ஒரு தனி அடைவில் எடுத்துவைத்து, அதற்குள்ளேயே கம்பைலரை ஓடவிடும். மேலே சொன்ன ரசீதுக் கோப்புக்கு ஹெடரைக் குறிப்பிட மறந்திருந்தால், முதல் கம்பைலிலேயே கோப்பைக் காணோம் என்று நின்றுவிடும்.